முள்ளுக் கத்திரிக்காய் வாங்கப் போன ஞாயிறு

சனிக்கிழமை இரவே வேலூருக்கு, அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்ததும் மாமா பையை எடுத்துக்கொண்டு, "வா மாப்ளே, டோல்கேட் உழவர் சந்தைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கிடைத்தது. ஆசையாகக் காம்பைப் பிடித்துத் தூக்கினேன். "காம்பைத் தொடாத கண்ணு, குத்தும்" என்று அவர் சொல்வதற்குள் விரலில் ஏறிவிட்டது. காம்பிலும் அதை ஒட்டிய பச்சைத் தொப்பியிலும் முள். அவரோ வயிற்றுப் பக்கமாகப் பிடித்து, சர்சர் என்று தராசில் அள்ளிப் போட்டார். என்ன பழக்கம்!

அப்புறம் லாங்கு பஜார். தள்ளுவண்டிப் பழம், வெற்றிலைக் கட்டு, நடக்க இடமில்லாத கூட்டம். நேதாஜி மார்க்கெட் பக்கம் மல்லிகை வாசனையில் கொஞ்சம் நின்றோம். ஆற்காடு வரை போய் மக்கன் பேடா வாங்க நேரமில்லை, அது மட்டும் மனக்குறை.

மதியம் அக்கா காம்போடு நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். காய் வெண்ணெயாகக் குழைந்திருந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். மிச்சக் காய் ஊருக்கு என்னோடு பஸ்ஸில் வருகிறது.