பறித்த காயும் மூச்சு விடும்
சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு மாம்பழ குடோனில் பழுக்க வைக்கும் சேம்பரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சீசனில் குண்டு, இமாம் பசந்த், அல்போன்சா என்று லோடு லோடாக இறங்கும். புதிதாக வரும் பையன்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுவேன்: பறித்த காய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது.

மரத்தில் இருக்கும்வரை இலையிலிருந்து சர்க்கரையும் வேரிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருக்கும். பறித்ததும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. காய் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதில் ஒரு பங்கை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியே விடுகிறது. நம் செல்களுக்குள் நடப்பதும் இதேதான். கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறில் சேரும். மீதி சூடாகப் போய்விடும். பழுக்கும் சமயத்தில் மாங்காயின் சுவாசம் சட்டென்று எகிறும்.

தனிக் காயில் அந்தச் சூடு தெரியாது. ஒரு மதியம், வந்து நின்ற லாரி மேலிருந்து மூத்த லோடுமேன் ஒருவர், "தம்பி, நடுக் கிரேட்ல கையை விட்டுப் பாருங்க, காய் கொதிக்குது" என்றார். ஓரத்துக் காய்கள் பரவாயில்லை. நடுவில் விரல் வைத்த இடமெல்லாம் சூடு, தார்ப்பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. 10 டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதனால் சூடு இன்னும் ஏறும். இதைத் தணித்துக்கொள்ள காய்க்குப் பெரிதாக வழியில்லை. நாம்தான் இடைவெளி விட்டு அடுக்கி, காற்றோட வைக்க வேண்டும்.

சேம்பரில் 20 முதல் 24 டிகிரி. 12-க்குக் கீழே இறக்கினால் தோல் கருத்து, ருசி கெட்டுவிடும். பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை, சட்டம் அனுமதிக்கிறது; கார்பைடு கல்லுக்குத் தடை. காய் விடும் கரியமில வாயு உள்ளேயே தங்கினால் எத்திலீன் சரியாக வேலை செய்யாது, அதனால் அவ்வப்போது கதவைத் திறந்துவிடுவோம். ஆள் உள்ளே போகும் முன்னும் கட்டாயம் திறக்க வேண்டும்.

சரி, அந்த லோடுமேன்? அவரும் சர்க்கரையை எரித்துத்தான் கிரேட் தூக்குகிறார். தசை எரிக்கும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாகிறது, மற்றதெல்லாம் சூடு. ஆனால் அவர் மூளையில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. உடம்பு 37 டிகிரியைத் தாண்டப் பார்த்தால் தோலுக்கு ரத்தத்தைக் கூட்டும், வியர்க்க வைக்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு போகும். காற்றில்லாத தகரக் கொட்டகையில் அது ஆவியாகாமல் சொட்டித்தான் போகிறது. உப்பும் தண்ணீரும் நஷ்டம், உடம்பு குளிர்வதில்லை. காய்க்கு ஏசி போட்டுவிட்டு, தூக்குகிற ஆளைக் கொட்டகையில் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலாளியிடம் பேசினோம். இப்போது வெயில் ஏறுமுன் லோடு இறங்கிவிடுகிறது. மதியம் வரும் வண்டி தார்ப்பாயை அவிழ்த்து நிழலில் நிற்கும், இறக்குவது சாயங்காலம்தான். கொட்டகையில் பெரிய ஃபேன், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். அப்புறம் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: வேலையில் ஒருவருக்குப் பேச்சு குழறி நடை தடுமாறினால் களைப்பு என்று உட்கார வைத்துவிடாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.