தம்பியின் படிவமும் எங்கட வீடும்

மார்ச் 4, 2024, திங்கள்

விடிய ஐந்தரைக்குத் தம்பி வட்ஸ்அப்பில் எடுத்தான், மேரிலாந்தில் அப்போது ஞாயிறு பின்னேரம் ஏழு மணி. சுகம்கூடக் கேட்காமல் "அம்மான்ட பிறந்த திகதி என்ன அக்கா?" என்றான். அவனுடைய கம்பனி அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு வேலை செய்கிறது, இவனுக்குக் கிளியரன்ஸ், அதாவது அரச இரகசியங்களைப் பார்க்கிற அனுமதி, எடுக்க வேண்டுமாம். எஸ்.எப்-86 என்று ஒரு படிவம், நூறு பக்கத்துக்கு மேல். அம்மாவுக்கோ அடையாள அட்டையில் ஒரு திகதி, சாதகக் கொப்பியில் இன்னொன்று. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது.

மார்ச் 6, புதன்

இன்றைக்கு என் முறை. நான் எங்கே வேலை, அரசாங்கத்தோடு தொடர்பு உண்டா, மாதம் எத்தனை தரம் கதைக்கிறோம் என்று எல்லாம் கேட்டான். கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், கோவை தூக்குகிற கிளாக்கர் நான், அந்தப் படிவத்தில் வெளிநாட்டு அரச ஊழியராகிவிட்டேன்! மாமா, மச்சான்மார் எல்லாரையும் போடத் தேவையில்லை, கடைசி ஏழு வருசத்தில் நெருக்கமாகப் பழகிய அமெரிக்கர் அல்லாதவர்களைத்தான் எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால் கனடாக் குடியுரிமை எடுத்த மச்சானும் வெளிநாட்டவர்தான். தம்பியின் பெயரில் கோண்டாவிலில் கிடக்கிற இரண்டு பரப்புக் காணியையும் காட்ட வேண்டுமாம்.

மார்ச் 8, வெள்ளி, சிவராத்திரி

அம்மா முழித்திருந்தா, அவனும் நிறையக் கதைத்தான். அங்கே 13 விதிகளை வைத்து ஆளை எடைபோடுகிறார்கள், அதில் வெளிநாட்டுச் செல்வாக்கு என்பது ஒன்று. நாங்கள் கெட்டவர்கள் என்பதல்ல அவர்களின் பயம், யாராவது எங்களை வெருட்டி அவனை வளைக்கலாம் என்பதுதான். நாட்டையும் பார்ப்பார்கள், உளவு பார்க்கிற நாடென்றால் பாடு அதிகம். பெற்ற தாயோடு வாரம் ஒருக்காக் கதைப்பதைச் சும்மா பழக்கம் என்று லேசில் தள்ளவும் மாட்டார்கள். மனைவி, பிள்ளைகள், வீடு, வேலை எல்லாம் அங்கேயே வேர்விட்டிருப்பதுதான் அவனுக்கு இருக்கிற பலம். ஆனாலும் சந்தேகம் வந்தால் நாட்டின் பக்கமே தீர்ப்பாம், 1988 இல் அவர்களின் உச்ச நீதிமன்றமும் கிளியரன்ஸ் யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லிவிட்டது.

"அப்ப இனி அவன் போன் எடுக்கமாட்டானோ?" என்று மட்டும் அம்மா கேட்டா.

அவன் வைக்கப்போகிற நேரத்தில்தான், செத்த சகோதரங்களையும் எழுத வேண்டும் என்றான். மூன்று பேரும் பேசாமல் இருந்தோம்.

மார்ச் 10, ஞாயிறு

பெரியண்ணா 1991 இல் ஆனையிறவில் போனவர். அவர் இருந்த புலிகள் இயக்கத்தை அமெரிக்கா தடை செய்தது 1997 இல், அண்ணா போய் ஆறு வருசத்துக்குப் பிறகு. அண்ணா போனபோது தம்பிக்கு ஏழு வயது, அண்ணாவின் முகமே சரியாக ஞாபகமில்லை. இதைச் சொல்லி விளங்கப்படுத்தலாம், மறைத்துப் பிடிபட்டால்தான் நேர்மையில்லாதவன் என்று ஒரேயடியாகத் தட்டுவார்கள் என்கிறான்.

எனக்கு மண்டைக்குள் ஏறவில்லை. எத்தனை ஆமிச் சென்றியில் "வீட்டில எத்தனை பிள்ளையள்?" என்று கேட்க "இரண்டு" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அண்ணாவின் படத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டு வைத்திருந்தோம், எடுத்தபோது பாதி முகம் ஊறிப்போயிருந்தது.

"விடன்டா, ஆருக்குத் தெரியப்போகுது" என்று நான் சொன்னேன். அம்மா போனைப் பறித்தா. "மூண்டு பிள்ளையெண்டு எழுது. அவன்ட பேரை முழுசாப் போடு" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினா.