லீவர் ரைஃபிளுக்கு மலிவு ஸ்கோப்: எல்லாம் உயரத்தில் இருக்கிறது

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் ஒருவழியாக ரைஃபிளின் மேல் உட்கார்ந்துவிட்டது. கட்டைவிரல் எதிலும் இடறாமல் ஹாமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) இழுக்க முடிகிறது, பிடித்தபடி மெல்ல இறக்கவும் முடிகிறது, கன்னத்தை, தோளில் அண்டும் மரக்கட்டையில் சாய்த்த மாத்திரத்தில் முழு வட்டமும் கண்ணுக்கு நேரே நிற்கிறது. லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் மார்லின் 336 ரைஃபிளில் மலிவான ஸ்கோப்பைப் பொருத்தப் பார்த்தவர்களுக்கு, இந்த மூன்றும் ஒருசேரக் கூடி வருவது எவ்வளவு அரிது என்று தெரியும். 25 கஜத்தில் துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. 100 கஜம் இன்னும் பாக்கி. இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன், கை துறுதுறுக்கிறது.

336-ஐ வைத்திருப்பவர்கள் ஒரு விதத்தில் கொடுத்து வைத்தவர்கள். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு பக்கவாட்டில் தெறிக்கும், ரிசீவரின் (இயங்கும் பாகங்களை அடக்கிய உலோக உடலின்) முதுகு தட்டை, பேஸ் (ஸ்கோப்பைத் தாங்கும் அடிப்பட்டை) போடத் துளைகளும் தயார். பழைய வின்செஸ்டர் 94 கூட்டை நேராக மேலே எறியும். நடுவில் ஸ்கோப் வைத்தால் கூடு அதில் முட்டித் திரும்பி உள்ளேயே விழும். கூட்டைச் சாய்வாக வெளியேற்றும் ஏற்பாடு அதற்கு 1980களில்தான் வந்தது. அதற்கு முந்தைய 94 வைத்திருப்பவர்களுக்கு, பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துவது அல்லது குழலின் மேல் முன்தள்ளி வைக்கும் நீண்ட ஐ ரிலீஃப் (முழுப் படம் தெரிய, கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் நடுவே தேவையான தூரம்) கொண்ட ஸ்கோப், இரண்டுதான் வழி. நல்ல துளைப்பார்வை (சிறு துளை வழியே குறிபார்க்கும் சாதனம்) ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்பேன்.

சரி, எந்த ஸ்கோப்? விலை குறைந்த வரிசையில் எல்லோர் கையும் முதலில் போவது 3-9x40-இடம் (மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ்). எங்கும் கிடைக்கும், சலுகையில் கிடைக்கும், கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் ரைஃபிள் சுடும் .30-30 தோட்டாவுக்கு ஒன்பது மடங்கு எதற்கு? 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு நொடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. 100 கஜத்தில் ஜீரோ வைத்தால் (குறியும் குண்டும் அங்கே ஒன்றுசேரும்படி சரிசெய்தால்) 200 கஜத்தில் எட்டங்குலம் போலச் சரிந்துவிடும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் ஒவ்வொரு குண்டின் மூக்கும் முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமர் (அடித்தால் பற்றும் மூடி) மேல் சாய்ந்திருப்பதால் கூர்மூக்குக் குண்டு ஆபத்து. தட்டை மூக்கோ காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். (மென்முனை வைத்த ஹார்னடியின் லீவரெவல்யூஷன் வந்த பிறகு எட்டும் தூரம் கொஞ்சம் நீண்டிருக்கிறது, மறுக்கவில்லை.) என் ரைஃபிளின் உலகம் 150 கஜத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் சுடுவதற்கு நாற்பது மில்லிமீட்டர் முன்லென்ஸைத் தூக்கி முதுகில் வைப்பது வீண் பாரம். போதாக்குறைக்கு, லீவர் ரைஃபிளின் சுகமே ரிசீவரை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நடப்பதில் இருக்கிறது. பெரிய ஸ்கோப் வந்தால் அந்தப் பிடி போயிற்று. சின்ன ஸ்கோப்பிலும் பாதி போகிறது என்பதைக் கசப்போடு சொல்லிவைக்கிறேன்.

மிஞ்சியவை மூன்று: 1-4x20, நிலையான 4x32, 2-7x32.

1-4 பார்க்க அழகு. முன்பக்கம் விரியாத நேர்க்குழாய், எங்கும் இடிக்காது, ரிங்கை (ஸ்கோப்பைப் பேஸில் பிடிக்கும் வளையத்தை) எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் ஒரு மடங்கில் பார்த்தால் முன்குறியின் மூடி மங்கலாகப் படத்துக்குள் வந்து நிற்கிறது. அந்தி நேரக் கணக்கும் இருக்கிறது. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 20-ஐ 4-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் லென்ஸில் அதே நான்கு மடங்குக்கு 8. கண்ணின் பாவை இருட்டில் விரிவதே ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆக 32 போதும், 40 தேவையில்லை. நிலையான 4x32-ஐக் கிட்டத்தட்ட வாங்கியேவிட்டேன். நகரும் உறுப்புகள் குறைவு என்பதால் மலிவு விலையிலும் நம்பகமாக இருக்கும். கடைசியில் இரண்டு மடங்கின் அகன்ற பார்வை ஆசை காட்டியது, 2-7 வந்தது.

மலிவு ஸ்கோப் வாங்குபவர்கள் பெட்டியில் பார்க்க வேண்டியவை வேறு. பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை) எத்தனை கஜத்தில் மறையும்படி வைக்கப்பட்டிருக்கிறது? ரிம்ஃபயருக்கென (.22 போன்ற சிறு தோட்டாக்களுக்கு) விற்பவை பெரும்பாலும் 50 கஜத்துக்கும், .30-30 போன்ற சென்டர்ஃபயர் தோட்டாக்களுக்கான ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கும் வைக்கப்பட்டிருக்கும். ஐ ரிலீஃப் மூன்றரை அங்குலத்துக்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம். அதிலும் உச்ச உருப்பெருக்கத்தில் எவ்வளவு என்று பாருங்கள், விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் சாதகமான எண்ணைத்தான். குறுக்குக்கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ‘தூரத்துக்குத் தக்க குறி’ என்று விற்கிறார்களே, அவை வேகமான போல்ட் ஆக்‌ஷன் தோட்டாக்களை மனதில் வைத்துப் போட்டவை. .30-30-க்கு அந்தப் புள்ளிகள் வெறும் அலங்காரம். அதுவும் இந்த விலையில் வரும் ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தை மாற்றினால் புள்ளிகளின் கணக்கும் மாறிவிடும். ஓரத்தில் தடித்து நடுவில் மெலியும் சாதாரணக் குறுக்குக்கோடு போதும், விடியலிலும் அந்தியிலும் கண்ணுக்குச் சிக்கும்.

இனி என் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்: உயரம்.

ரிங் வாங்கப் போனால் லோ, மீடியம், ஹை என்று எழுதியிருக்கும். அந்தச் சொற்களுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒருவர் பேஸிலிருந்து ஸ்கோப் குழாயின் அடிவரை அளக்கிறார், இன்னொருவர் குழாயின் மையம்வரை அளக்கிறார். ஒருவரின் லோ இன்னொருவரின் மீடியம். அளவை மில்லிமீட்டரில் போடாதவர்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். விசாரித்தபோது ‘உங்கள் ஸ்கோப்புக்குப் பொருந்தும் சார்’ என்று பதில் அனுப்பிய விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வந்தது, லோ என்று ஒட்டிய உறைக்குள் மீடியம் ரிங். திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்.

எல்லோரும் முன்லென்ஸ் குழலில் இடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். 336-இல் அந்தக் கவலையே வேண்டாம். குழல் ரிசீவரின் முதுகைவிடத் தாழ்ந்து கிடக்கிறது, பின்குறியை மடக்கிவிட்டால் இடம் தாராளம். சிக்கல் பின்பக்கத்தில்தான். என் ஸ்கோப்பின் பின்லென்ஸ் உறை 42 மில்லிமீட்டர் விட்டம், ஆரம் 21. ஒரு அங்குலக் குழாயின் ஆரம் 12.7. ஆக உறை குழாயைவிட 8.3 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது, அதுவும் மிகச் சரியாக ஹாமரின் தலைக்கு மேலே. உருப்பெருக்கத்தை மாற்றும் வளையத்தில் விரலுக்கென ஒரு முண்டு வேறு. அது இரண்டு மடங்கில் மேலே இருக்கும், ஏழுக்குத் திருப்பினால் கீழே இறங்கி வரும். கடையில் இரண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, இடைவெளி இருக்கிறது என்று வந்துவிடலாம். முழுச் சுற்றும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

என்னுடையது குறுக்குப் பூட்டு (ஹாமரைத் தடுக்கும் பொத்தான்) வருவதற்கு முந்தைய காலத்து ரைஃபிள். பாதி இழுத்த ஹாமர்தான் அதன் ஒரே பாதுகாப்பு. குழலின் பின்முனை அறையில் தோட்டா இருக்கும்போது ஹாமரைக் கட்டைவிரலால் பிடித்து இறக்கவேண்டி வரும். ஸ்கோப் அடியில் விரல் நுழையாமல் வழுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே ஹாமர் ஸ்பர் கட்டாயம். பக்கவாட்டில் நீளும் அந்தச் சின்னக் கொம்பை வலப்பக்கமும் போடலாம், இடப்பக்கமும் போடலாம். வலது கைக்காரனாக இருந்தும் நான் இடப்பக்கம் போட்டேன்: கட்டையின் கழுத்தைத் தாண்டி இடப்புறம் வந்துவிடும் என் கட்டைவிரலுக்கு அதுதான் வாகு.

இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடுவது உதவாது. ரைஃபிளை வெறுமையாக்கி, இரண்டு முறை சரிபார்த்து, தடித்த அட்டையைக் கீற்றுக்கீற்றாக நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பருக்கும் பின்லென்ஸ் உறைக்கும் நடுவே செருகினேன். ஹாமர் முழுக்கப் பின்னால் இருக்கும்போது அட்டைகள் சுலபமாக ஆடின. முன்னுக்கு இறக்க இறக்க இறுகிக்கொண்டே வந்து பாதி நிலையைத் தாண்டியதும் சிக்கின. அங்குதான் விரலின் சதை நசுங்கும். மீடியம் ரிங்கில் அந்த இடம் தாராளமாக இருந்தது. ஆனால் கன்னம் கட்டையைவிட்டு எழும்பி, தாடைதான் தொட்டது. லோ ரிங்கில் கன்னம் சரியாக உட்கார்ந்தது, விரல் நசுங்கியது. இதற்கு நடுவில் அரை மில்லிமீட்டருக்காகக் குரங்கும் அப்பமும் கதையாக அலைந்தேன்.

தீர்வு உயரத்தில் கிடைக்கவில்லை, நீளத்தில் கிடைத்தது. லோ ரிங்கையே வைத்துக்கொண்டு, வீவர் 63பி பேஸில் இரண்டு ரிங்கையும் ஒரு பள்ளம் முன்னால் தள்ளினேன். பின்லென்ஸ் உறை ஹாமரின் தலையைவிட்டு விலகியது, ஸ்பருக்கு வெட்டவெளி. ஐ ரிலீஃப் போதாமல் போகும் என்று நினைத்ததற்கு மாறாக, 336-இன் குட்டைக் கட்டையில் என் கண் இயல்பாகவே முன்னால் போய்விடுவதால் ஏழு மடங்கிலும் முழு வட்டம் கிடைக்கிறது. ஏழில்தான் சரிபார்க்க வேண்டும். இரண்டில் எங்கே கண்ணை வைத்தாலும் தெரியும்.

பேஸ் திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீளம் கூடிவிட்டால் நுனி உள்ளே எட்டிப் பார்த்து போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகத்தை) உரசும். ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் லீவரை முழுக்க இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ரிங் திருகாணிகளுக்கு 15 அங்குல-பவுண்டு போதும். ஸ்பரின் குட்டித் திருகுக்கு நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு. இல்லாவிட்டால் அதிர்வில் கழன்று எங்கோ புல்லில் கிடக்கும்.

பொருத்துவதற்கு முன்பே குறுக்குக்கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் முன்லென்ஸை ஒட்டவைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் கோடும் அதன் பிம்பமும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை குமிழ்களைத் திருப்பினால் நடு. மலிவு ஸ்கோப்பில் இது முக்கியம்: குமிழை ஒரு கோடிக்குத் தள்ளிவிட்டால் படமும் ஓரத்தில் மங்கும், கிளிக்குகளும் சொன்னபேச்சு கேட்காது.

அடுத்து, 336-காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. லீவர் திருகாணி ஒன்றைக் கழற்றினால் லீவரும் வெளியே வரும், போல்ட்டும் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும். பிறகு பின்னாலிருந்தே குழல் வழியாகப் பார்க்கலாம். ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தூரத்துப் புள்ளி ஒன்றைக் குழலின் நடுவில் நிறுத்தி, குறுக்குக்கோட்டை அதன்மேல் கொண்டுவந்தால் ஆயிற்று. லேசர் பொறி எதுவும் தேவையில்லை. போல்ட்டை எடுக்கும்போது எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் துண்டு) விழுந்துவிடும், கையை அடியில் ஏந்திக்கொள்ளுங்கள். பழைய 94 வைத்திருக்கும் நண்பர் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்தார்.

25 கஜத்தில் முதல் குண்டே தாளில் விழுந்தது. கால் எம்ஓஏ கிளிக் (100 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம்) அந்தத் தூரத்தில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நகர்த்தும், ஆகவே தயங்காமல் திருப்பலாம். அங்கே மையத்தில் விழும் 170 கிரெய்ன், என் கணக்குப்படி 100 கஜத்தில் ஓர் அங்குலம் போல மேலே விழ வேண்டும். அதுவே என் பயன்பாட்டுக்குச் சரியான ஜீரோவும்கூட.

இதற்குள் மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. ரிசீவரில் துளைப்பார்வை ஒன்றைப் பொருத்தி, ஸ்கோப்பை நெம்புகோல் ரிங்கில் கழற்றி மாட்டலாமா என்று பார்க்கிறேன். ஆனால் விசாரித்தவரை நெம்புகோல் ரிங்குகளில் என் லோ அளவுக்குத் தாழ்ந்தது கிடைக்கவில்லை. மறுபடியும் அட்டைக் கீற்றுகளை எடுக்க வேண்டியிருக்கும். கட்டைக்குக் கயிறு கட்டிய தோல் கன்னத்தாங்கி ஒன்றும் சொல்லிவைத்திருக்கிறேன். லோ ரிங்கில் அது அவசியமில்லைதான், இருந்தாலும் குளிரில் மரத்தைவிடத் தோல் சுகம்.

அதற்கு முன் 100 கஜம். 150 கிரெய்னையும் 170 கிரெய்னையும் ஒரே நாளில் ஒரே ஜீரோவில் சுட்டு, இரண்டும் எவ்வளவு விலகி விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, இந்தக் குழல் எதை நெருக்கமாகப் போடுகிறதோ அந்தப் பெட்டிகளை வாங்கி அடுக்கப் போகிறேன்.