ஊர்ப் பல்கலைக்கழகமும் ஊர் அறிவும்

வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியில் வேர்கொண்ட கல்விப்பணி, 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமாக விரிந்ததையும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதையும் எங்கள் பகுதியில் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை. (பெருமை பேசுவதில் நாங்கள் சளைத்தவர்கள் அல்லர்.) ஆனால், வட்டாரப் பல்கலைக்கழகம் ஒன்றின் பணி வெளியூர் வேலைகளுக்குப் பட்டதாரிகளை அனுப்புவதோடு முடிந்துவிடக் கூடாது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் ஓடுகளைச் செய்யக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அதன் கட்டங்களில் ஊற்றி, சட்டத்தை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்து பரப்பி, காய்ந்ததும் நீரில் ஊறப்போடும் கைவினைஞருக்கு, கலவையின் பதம் கைப்பழக்கத்திலேயே தெரியும். சூளையில் சுடாமலேயே, கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் பளபளப்பாக வெளிவருகிறது. இந்தப் பதத்தை அளந்து எழுதிவைப்பது முனைவர் பட்டத்துக்குத் தகுதியான ஆய்வு இல்லையென்றால், வேறு எதுதான் தகுதியானது?

வீட்டுக் கூரைகளில் விழும் மழைநீரை வாய்க்கால் வழியே ஊருணிக்குக் கொண்டுசேர்த்த பழைய அமைப்பையும் நிலவியல், வரலாற்று மாணவர்கள் சேர்ந்து வரைபடமாக்கலாம். காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதனால் நெசவாளரின் கூலி உயர்ந்ததா என்று மேலாண்மைத் துறை கணக்கெடுக்கட்டும்.

இத்தகைய ஆய்வேடுகளில் தகவல் தந்த கைவினைஞரின் பெயர் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். தமிழில் ஒரு படி அந்தந்த ஊர் நூலகத்துக்கும் வந்துசேர வேண்டும்.