மரக்கையில் பைசெப்ஸ்: ஒருவழியாக உள்ளங்கை திரும்பிவிட்டது

இதுவரை கயிற்றை இழுத்தால் முழங்கை மட்டும் மடங்கி, உள்ளங்கை தரையையே பார்த்துக்கொண்டிருந்த என் மரக்கை (எலும்புகளை மரத்திலும் தசைகளைக் கயிற்றிலும் செய்த கை மாதிரி), இப்போது ஒரே இழுப்பில் மடங்கி, உள்ளங்கையையும் மேல்நோக்கித் திருப்புகிறது. எலும்புகளைச் செதுக்கிய கதை வேண்டாம். இதில் இறங்கியவர்களுக்கு அது பழகிய வேலை. மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் கீழ்முனையை, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பில் எந்த இடத்தில் கட்டுவது என்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

படங்களில் அந்தத் தசைநாண் எலும்பின் முன்புறத்தில் ஒட்டியிருப்பதாகவே தோன்றும். உண்மையில் அது பற்றியிருக்கும் புடைப்பு, ஆர எலும்பின் முழங்கைப் பக்கத்துத் தலைக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் பக்கமுள்ள அரந்தி எலும்பை நோக்கிய பக்கத்தில் இருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது புடைப்பு பின்புறமாகச் சுழல, நாண் எலும்பைச் சுற்றிக்கொள்கிறது; தசை சுருங்கினால், சாட்டையை இழுத்ததும் பம்பரம் சுழல்வதுபோல, அந்தச் சுற்று பிரிந்து எலும்பு உருள்கிறது. ஆகவே கயிற்றைப் புடைப்பின் பின்விளிம்பில் துளையிட்டுக் கட்டினேன். கவிழ்ந்த நிலையில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே கயிறு நசுங்காமலிருக்க, அரந்தியின் அந்தப் பக்கத்தை அரத்தால் ராவிப் பள்ளமாக்க வேண்டியிருந்தது.

கோத்தகிரியில் சில்வர் ஓக் கட்டைக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஐப்பசி மழையின் ஈரத்தில் அது உப்பி, ஆர எலும்பின் தலை, அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்குள் இறுகிக்கொள்கிறது. அதனால் அந்தத் தலையை மட்டும் பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் கடைந்து, வளையத்தைச் சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டிருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் நீளவே நீளாது என்று அடித்துச் சொல்லி விற்ற ஒற்றை இழை நைலான், இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போயிற்று. பின்னிய தூண்டில் இழைதான் கைகொடுத்தது.

பைசெப்ஸுக்கு அடியிலுள்ள பிரேக்கியாலிஸ் தசை அரந்தியில் பற்றுவதால், அதன் கயிறு முழங்கையை மடக்குமே தவிர உள்ளங்கையைத் திருப்பாது. வலக்கையால் திருகாணியை முடுக்கும்போது முழங்கையை மடித்து வைத்துக்கொண்டால் பலம் கூடுவது ஏன் என்பதும் இரண்டு கயிறுகளையும் மாறி மாறி இழுத்தபோது விளங்கிற்று: அந்த நிலையில்தான் பைசெப்ஸ் நன்றாகத் திருப்புகிறது. உள்ளங்கையில் அரைக்கிலோ எடையை வைத்து முழங்கையைச் செங்கோணத்தில் நிறுத்தினால், கயிற்றில் மாட்டிய வில் தராசு 4 கிலோவைத் தாண்டுகிறது. மூட்டிலிருந்து கயிறு 4.5 செ.மீ. தள்ளியும் எடை 35 செ.மீ. தள்ளியும் இருப்பதற்கான கூலி அது. நம் தசையும் இப்படித்தான் பலத்தைச் செலவழித்து வேகத்தையும் வீச்சையும் வாங்குகிறது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்பதால், கையை நீட்ட மேற்கையின் பின்புறத் தசையான டிரைசெப்ஸ் தேவை. அதை இன்னும் மாட்டவில்லை; மனம் அதற்குள் விரல்களுக்குத் தாவிவிட்டது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பதால், நாண்கள் எலும்பை விட்டு எழும்பாமலிருக்க வழிநெடுக வளையங்கள் வேண்டும். சைக்கிள் பிரேக் கம்பியின் மேலுறையைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.