ரோட் டாக்ஸ் விலக்கு: பதிவுத் திகதி வேறு, தயாரித்த திகதி வேறு

என் ஜாகுவாருக்கு ஒருவழியாக வரி விலக்கு கிடைத்துவிட்டது. லொக் புக்கில், அதாவது காரின் பதிவுப் புத்தகத்தில், 'ஹிஸ்டோரிக் வெஹிகிள்' (பழமையான வாகனம்) என்று அச்சாகி வந்திருக்கிறது. சட்டப்படி கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்டு வாங்க அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பிரித்தானியாவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் யாரும் இப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

40 வருடம் தாண்டிய காருக்கு ரோட் டாக்ஸ் இல்லை என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்த 40 வருடத்தை எதிலிருந்து எண்ணுவது என்பது. கார் ரோட்டுக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து. 1985 ஜனவரி 1க்கு முன் தயாரித்த காருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் விலக்கு. 1986 ஜனவரி 1க்கு முன் என்றால் 2026 ஏப்ரல் 1 முதல். எப்போது தயாரித்தது என்று தெரியாவிட்டால், அதே ஆண்டின் ஜனவரி 8க்கு முன் பதிவாகியிருந்தால் போதும்.

என் கார் எக்ஸ்.ஜே.6 சீரிஸ் 3, 4.2 லீற்றர். முதல் பதிவு 1985 மார்ச். அந்தத் திகதியைப் பார்த்த எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அடுத்த வருடம் பார்க்கலாம். அடுத்த வருடம் மட்டும் பொறுப்பது சின்ன விஷயம் இல்லை. 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்துத்தான் வரி. 1549 சிசிக்கு மேல் என்றால் 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 360 பவுண்ஸ் ஆனது. அதைவிடப் பெரிய இடி யூலெஸ், புகை கூடிய பழைய வாகனங்களுக்கு லண்டனில் அறவிடும் நாள் கட்டணம். 2023 ஓகஸ்ட் 29இல் அது லண்டன் முழுவதற்கும் விரிந்தது. ஹரோவில் இருக்கும் நான் காரை வீதிக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ஸ் கட்ட வேண்டும். கோயிலுக்குப் போய் வந்தாலும் 12.50தான். ஹிஸ்டோரிக் வகுப்புக்குக் கார் மாறிவிட்டால் இந்த இரண்டுமே இல்லை.

வழி காட்டியது என் கார் பார்க்கும் கராஜ் தம்பிதான். "அண்ணை, இந்தக் கார் மார்ச் மாதம் வரைக்கும் டீலரிட்ட நிண்டிருக்கும். கட்டின திகதியை எடுங்கோ" என்றான். அப்போதுதான் எனக்கும் பொறி தட்டியது. அந்தக் காலத்தில் விலை கூடிய கார்கள் ஆலையை விட்டு வந்து மாதக்கணக்கில் விற்காமல் நிற்பது சாதாரணம்.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் ட்ரஸ்ட் பழைய ஆலைப் பதிவேடுகளிலிருந்து சான்றிதழ் தருகிறது. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துக் காசைக் கட்டினேன். வந்த தாளில் எஞ்சின் இலக்கம், முதல் நிறம், எந்த டீலருக்குப் போனது என்பதோடு, நான் தேடிய வரியும் இருந்தது: தயாரித்தது 1984 ஒக்ரோபர். அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. வேறு கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரின் உரிமையாளர் கிளப்பை முதலில் கேளுங்கள். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றின் பதிவேடுகள் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன.

சான்றிதழை லொக் புக்கோடு சேர்த்து, ஒரு கடிதமும் எழுதி ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்பினேன். 1984 தயாரிப்பு என்ற குறிப்போடு புது லொக் புக் வந்தது. இதில் ஒரு கரைச்சலும் இல்லை.

கரைச்சல் முழுவதும் தபால் கந்தோரில். வரி வகுப்பை மாற்ற லொக் புக்கோடு நேரே போக வேண்டும். முதலில் போன கிளையில் வாகன வரி வேலையே செய்வதில்லையாம். வரிசையில் நின்று கண்ணாடிக்கு முன்னால் போன பிறகுதான் அதைச் சொன்னார்கள். எல்லாத் தபால் கந்தோரும் இதைச் செய்யாது. வீட்டை விட்டு இறங்கும் முன் அந்தக் கிளையில் வாகன வரி பார்க்கிறார்களா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்த கிளையில் இருந்தவர் முதலில் இன்சூரன்ஸ் சான்றிதழைக் கேட்டார். அது வட அயர்லாந்தில் மட்டும்தான் தேவை. இங்கே லொக் புக், நினைவூட்டல் கடிதம் வந்திருந்தால் அது, செல்லுபடியாகும் எம்.ஓ.டி. (வருடாந்த வாகனச் சோதனை) சான்றிதழ், இவ்வளவும் போதும். சரி என்று போனிலேயே இன்சூரன்ஸைக் காட்டினேன். பிறகு லொக் புக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "1985 மார்ச், அடுத்த ஏப்ரலில் வாருங்கள்" என்றார். தயாரிப்பு ஆண்டு எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அரசாங்க இணையத்தளத்தில் விதி இருக்கும் பக்கத்தை அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன், அதையும் நீட்டினேன். ஒரு வரி கூட வாசிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார். கையில் இருந்த தாள் எல்லாம் சரியாக இருந்தும், தப்பான ஆளைப் போல வெளியே வந்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். லொக் புக்கை வாங்கிக்கொண்டு பெரிய கிளைக்குப் போங்கள். நான் அதைத்தான் செய்தேன். அங்கே இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லொக் புக் முழுவதையும் நிதானமாக வாசித்தார். தயாரிப்பு ஆண்டைக் கண்டதும், "இதுதானே கணக்கு" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார். முன்னவர் முடியாது என்ற வேலை ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் முடிந்தது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கே கொடுத்த லொக் புக் திரும்பி வர ஆறு வாரம் வரை ஆகலாம். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். இடையில் என் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்து, அவர்கள் லொக் புக் கேட்டார்கள். அந்தக் கொப்பிதான் காப்பாற்றியது. விண்ணப்பம் போன பிறகும் காரை ஓட்டலாம், ஆனால் யூலெஸ் கட்டணம் தன்பாட்டில் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் உங்கள் கார் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லை என்று அங்கே காட்டும் வரை ஓட்டும் நாளுக்குக் காசைக் கட்டிவிடுங்கள். தண்டம் வந்த பிறகு மல்லுக்கட்டுவதைவிட 12.50 மலிவு.

ஏற்கெனவே கட்டிய வரியில் மிஞ்சிய முழு மாதங்களுக்கான காசு திரும்பி வரும். அது காசோலையாக வந்தால் லொக் புக்கில் உள்ள பெயருக்குத்தான் வரும். நம் பெயர்களில் இது பெரிய பிரச்சினை. அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வங்கியில் வெறும் முதலெழுத்து. என் அண்ணன் தன் பழைய வேனுக்கு இதைச் செய்தபோது அவருடைய காசோலை வங்கியில் சிக்கி இழுபட்டது. பெயரும் முகவரியும் சரியா என்று முதலே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எம்.ஓ.டி. பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் வரி விலக்கையும் எம்.ஓ.டி. விலக்கையும் ஒன்றாக நினைக்கிறார்கள். 40 வயது தாண்டிய, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 மே 20இலிருந்து எம்.ஓ.டி. தேவையில்லை. அப்படி விலக்கில் இருப்பவர்கள் எம்.ஓ.டி. சான்றிதழுக்குப் பதிலாக வி112 படிவத்தை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கவுண்டரில் படிவம் இருக்கும் என்று நம்பாமல் வீட்டிலேயே அச்சடித்து எடுங்கள். நான் விலக்கு இருந்தும் வருடா வருடம் எம்.ஓ.டி. செய்யப் போகிறேன். என் காரின் பிரேக் பைப்பில் துருவைக் கண்டுபிடித்தது போன வருட எம்.ஓ.டி.தான். ஆபத்தான நிலையில் உள்ள காரை ஓட்டிப் பிடிபட்டால் 2500 பவுண்ஸ் வரை தண்டமும் லைசென்ஸில் மூன்று புள்ளியும் வரும். அதைவிட, பின் சீற்றில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கலியாண வீடுகளுக்குக் கார் கேட்டு வருவோரும் உண்டு. சொந்தக்காரப் பிள்ளையின் கலியாணத்துக்குச் சும்மா கொடுப்பதில் பிழை இல்லை. வாடகைக்கு விட்டால் அது வியாபாரம், வரி விலக்குப் போய்விடும். பெற்றோல் காசு என்று கவரில் வைத்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

விலக்கு வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் இருந்துவிட வேண்டாம். வருடா வருடம் நினைவூட்டல் கடிதம் வரும். கட்ட வேண்டியது பூச்சியம்தான், ஆனாலும் வரியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம், கவுண்டருக்குப் போகத் தேவையில்லை.

1986இன் முதல் சில மாதங்களில் பதிவான கார் உங்களிடம் இருந்தால், 2027 ஏப்ரல் வரட்டும் என்று இருக்காமல் சேசிஸ் இலக்கத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளப்புக்கு எழுதுங்கள்.