புவாத்தியே கணப்பும் ஒரு குவளைக் கரிய மையும்

பிரான்ஸின் புவாத்தியே நகரத்து அரண்மனைப் பெருமண்டபத்தில், ஒரு முனைச் சுவரில் மூன்று கணப்புகள் (குளிர்காய நெருப்பு மூட்டும் சுவரடுப்புகள்) அருகருகே நிற்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்ரி கோமகன் ழானுக்காகக் கட்டப்பட்ட அவற்றைக் கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுக், 1854 முதல் 1868 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தம் பிரெஞ்சுக் கட்டடக்கலை அகராதியில் படமாகக் காட்டியிருக்கிறார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, 19ஆம் நூற்றாண்டு வரைவாளர்களைப் போலவே மையும் தூரிகையும் கொண்டு வரைந்து பார்க்கும் முயற்சியில் ஆறு வாரங்கள் கடந்திருக்கின்றன.

முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி என் கையை நிறுத்திவிட்டது. அடுப்பு வாய்களுக்கு மேலே மெல்லிய கல் பின்னலும், அதற்குப் பின்னால் சன்னல்களும் இருக்கையில், புகை எவ்வழியாக மேலேறும்? பென்சிலால் கோடு கோடாகத் தொடர்ந்து சென்றபோதுதான் விடை பிடிபட்டது: புகைக்குழல்கள் சன்னல்களுக்கு இடையில் தூண்களைப் போல ஏறிச் செல்கின்றன; கல் பின்னல் முன்னால் நின்று அவற்றை மறைக்கிறது. நெருப்புக்கு நேர் மேலே பகல் வெளிச்சம் மண்டபத்துக்குள் வந்து விழும்படி அமைத்த அந்தத் துணிவை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

நிழல் தீட்டுவதுதான் கடினமாக இருந்தது. வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து 45 பாகை சாய்வில் வருவதாகக் கொள்வது அக்காலத்துப் பள்ளிமுறை. அதன்படி, கல் விளிம்பு ஒன்று சுவரிலிருந்து எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதன் நிழலும் சுவரில் அத்தனை அங்குலம் கீழிறங்கும். பார்ப்பவர் நிழலை அளந்தே ஆழத்தை அறிந்துகொள்ளலாம். என் முதல் தாளில் மையை அடர்த்தியாகக் கரைத்து அவசரமாகப் பூசியதால், பாதி காய்ந்த இடத்தில் கறுப்பு வரம்பு கட்டி, கணப்புகளின் மேல் செதுக்கப்பட்ட தேவதைகளின் வரிசை முழுவதும் பாழாயிற்று. இரண்டாவது தாளை நனைத்துப் பலகையில் ஒட்டி இறுக்கினேன். பலகையைச் சற்றே சாய்த்து, நீர்த்த மையின் துளி கீழ்விளிம்பில் எப்போதும் தேங்கி நிற்கும்படி தூரிகையை இழுத்து வந்தேன். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என, ஏழு பூச்சுகளில் கல் பின்னல் சன்னலை விட்டு முன்னால் வந்து நின்றது.

கணப்புகளுக்கு மேலே, கல் பின்னலில் நிற்கும் நான்கு சிலைகளும் இன்னும் வெறும் பென்சில் கோடுகளாகவே உள்ளன. அவற்றுள் ஒன்றான பிரான்ஸ் அரசி இசபெல்லின் ஆடை மடிப்புகளிலிருந்து நாளை தொடங்குகிறேன்.